பசிபிக்கின் வாசலில் ஒரு சிற்றூர்: கிவான்

பிலிப்பைன்ஸின் சமார் தீவு தெற்கே போகப் போக மெலிந்து, கடைசியில் சிறு தீவுகளாகக் கடலில் சிதறுகிறது. அந்தக் கோடியில் இருக்கும் ஊர் கிவான். மேற்கே லெய்ட்டே வளைகுடா. கிழக்கே திறந்த பசிபிக்; அந்தப் பக்கம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நிலமே கிடையாது. பசிபிக்கைக் கடந்து வருவது கப்பலானாலும் புயலானாலும் முதலில் தொடும் கரைகளில் இது ஒன்று. 1521-இல் கடலோடி மெகல்லன் வந்தார். 1944-இல் அமெரிக்கப் படை வந்தது. 1949-இல் ஷாங்காயிலிருந்து ரஷ்ய அகதிகள் வந்தார்கள். 2013-இல் ஹையான் புயல் வந்தது. உலக வரலாற்றில் இத்தனை முறை தலைகாட்டிய ஊர் செல்வாக்கோடு இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கிவான் இன்றும் தென்னையையும் மீனையும் மணிலாவிலிருந்து வரும் நிதிப்பங்கையும் நம்பிப் பிழைக்கும் ஊர்தான். இந்த முரணுக்கான காரணம் வரலாற்றில் பாதி, வரவு செலவுக் கணக்கில் பாதி இருக்கிறது.

நிர்வாகக் கணக்கில் கிவான் ஒரு நகராட்சி. அந்தப் பெயரை வைத்து நகரத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பிலிப்பைன்ஸில் நகராட்சி என்பது ஒரு நடு ஊரும் அதைச் சுற்றிய கிராமங்களும் சேர்ந்த அமைப்பு. அதன் அடிமட்ட அலகுக்கு 'பாரங்கை' என்று பெயர். கிவானில் 60 பாரங்கைகள். அவற்றில் கணிசமானவை படகில்தான் போகக்கூடிய தீவுகளில் இருக்கின்றன. நிலப்பரப்பு சுமார் 175 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 53,000-ஐச் சற்றுத் தாண்டுகிறது. பேசும் மொழி வாரை. இது அடங்கிய கிழக்குச் சமார் மாகாணம், ஒன்றாக இருந்த சமாரை 1965-இல் மூன்றாகப் பிரித்தபோது உருவானது. தலைநகரம் போரோங்கன். ஆனாலும் கிவான்காரர்களுக்குப் பெரிய ஊர் என்றால் பக்கத்து லெய்ட்டே தீவிலிருக்கும் டாக்லோபன்தான். வேன் பிடித்தால் மூன்று நான்கு மணி நேரம்.

இங்கே வறண்ட பருவம் என்று ஒன்று கிடையாது. ஆண்டு முழுதும் மழை உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்க்கும். அதே மாதங்களில் வடகிழக்குக் காற்று பசிபிக் பக்கத்துக் கடலைக் கலக்கிவிடும். மிதவைக்கட்டை பூட்டிய சிறு படகுகள் கரையிலேயே கிடக்கும். தீவுப் பாரங்கைகளுக்கு அரிசி போவதும் நோயாளி வருவதும் கடல் அடங்கும் நேரம் பார்த்துத்தான்.

தென்னை

ஹோமொன்ஹோன் கிவானைச் சேர்ந்த தீவுகளில் ஒன்று. 1521 மார்ச் 17 அன்று, பசிபிக்கைக் கடந்து பட்டினியும் நோயுமாக வந்த மெகல்லனின் ஆட்கள் இளைப்பாற அங்கே இறங்கினார்கள். மறுநாள் பக்கத்துச் சுலுவன் தீவிலிருந்து ஒரு படகில் ஒன்பது பேர் வந்தார்கள். மீன், ஒரு சாடி கள், ஒரு சாணுக்கு மேல் நீண்ட வாழைப்பழங்கள், இரண்டு தேங்காய் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். அப்போது கையில் இருந்தது இவ்வளவுதான், நான்கு நாளில் அரிசியும் தேங்காயும் கொண்டுவருகிறோம் என்று சைகையால் சொல்லிப் போனவர்கள் சொன்னபடியே திரும்பி வந்தார்கள். கப்பலில் இருந்த இத்தாலியர் பிகாஃபெட்டா இதையெல்லாம் குறித்து வைத்தார். தென்னையைப் பற்றி அவர் எழுதியதில் அசல் வியப்பு தெரிகிறது. ஒரே மரத்திலிருந்து கள், எண்ணெய், காடி, உணவு எல்லாம் கிடைக்கிறது. இரண்டு தென்னை இருந்தால் பத்துப் பேர் கொண்ட குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்று கணக்கே போட்டுவிட்டார். தென்னந்தோப்பு வைத்திருக்கும் யாரும் இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் மரம் அதே மரம்தான். காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுகிறார்கள். இறக்கிய கள்ளில் கண்டல் மரப்பட்டையைப் பொடித்துச் சேர்ப்பது வாரை நாட்டு வழக்கம். அதனால்தான் அவர்களுடைய கள் செங்காவி நிறம். 'பஹாலினா' என்பது அதை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் ஊற வைத்தது. அரிசி மாவில் தேங்காய்ப் பால் விட்டு, கள்ளால் புளிக்க வைத்து, வாழையிலை விரித்த சட்டியில் சுடும் 'சலுகாரா' என்ற பலகாரமும் உண்டு. நம் ஆப்பத்தின் உறவுக்காரன் என்று கூசாமல் சொல்லலாம்.

ஆனால் காசு வருவது கள்ளில் அல்ல, கொப்பரையில். காய் பறித்து, மட்டை உரித்து, இரண்டாக உடைத்து, புகைச் சூளையில் போட்டு உலர்த்த வேண்டும். மழை ஓயாத ஊரில் வெயிலை நம்பி உலர்த்த முடியாது. வியாபாரி ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்த்து, ஈரம் இவ்வளவு என்று கணித்து, எடையில் அவ்வளவைக் கழிப்பார். கழிவைப் பற்றி வாதாட விவசாயிக்கு வழியில்லை. போன மாதமே அவரிடம் அரிசிக்குக் கடன் வாங்கியாகிவிட்டது. கொப்பரை விலையைத் தீர்மானிப்பதோ உலக எண்ணெய்ச் சந்தை. இந்த ஏற்பாட்டில் கிவான் விவசாயி தன் கையால் முடிவு செய்வது, என்றைக்குக் காய் பறிப்பது என்பதை மட்டும்தான்.

வந்தவர்கள் விட்டுப்போனது

லெய்ட்டே வளைகுடாவின் நுழைவாயிலைக் காப்பவை கிவானின் தீவுகள். 1944 அக்டோபர் 20-இல் அமெரிக்கப் படை லெய்ட்டேயில் இறங்குவதற்கு மூன்று நாள் முன்பே, அக்டோபர் 17 அன்று, ரேஞ்சர் படைப்பிரிவு ஒன்று சுலுவனில் இறங்கியது. அங்கிருந்த ஜப்பானியக் கண்காணிப்பாளர்கள் வானொலியில் விடுத்த எச்சரிக்கையை வைத்துத்தான் ஜப்பானியக் கடற்படை தன் பெருந்திட்டத்தைத் தூசி தட்டியது. உலகின் மாபெரும் கடற்போர்களுள் ஒன்றான லெய்ட்டே வளைகுடாப் போர் அதிலிருந்து விரிந்தது. அடுத்த சில மாதங்களில் அமெரிக்கர்கள் கிவானைக் கடற்படைத் தளமாக்கினார்கள். பவளக் கல்லைத் தோண்டிப் பரப்பி, 2 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபாதை போட்டார்கள். மனிகனித் தீவில் கப்பல் பழுதுபார்க்கும் நிலையம், காலிகோவன் தீவில் கிடங்குகள். போர் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். இன்று காலிகோவனில் அலைச்சறுக்கு வீரர்கள் கூடும் கடற்கரைக்கு 'ஏபிசிடி' என்று பெயர். ஏதோ பள்ளிக்கூட விளையாட்டுப் போலத் தோன்றும் அது, அமெரிக்கக் கட்டுமானக் கிடங்கு ஒன்றின் பெயர்ச்சுருக்கம்.

அவர்கள் விட்டுச்சென்ற மிச்சங்களின் மேல் அடுத்த கூட்டம் வந்து குடியேறியது. 1949-இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஷாங்காயை நெருங்கியபோது, 1917 புரட்சியில் நாடிழந்து அங்கே குடியிருந்த ரஷ்யர்கள் இரண்டாம் முறை அகதிகளானார்கள். சர்வதேச அகதிகள் அமைப்பு நாடு நாடாகக் கேட்டது. ஏற்றுக்கொண்டவர் பிலிப்பைன்ஸ் அதிபர் எல்பிடியோ கிரினோ. ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கிவானின் துபபாவ் தீவில் ராணுவக் கூடாரங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். ஆசிரியர், மருத்துவர், இசைக்கலைஞர், அனாதைக் குழந்தைகள், பாதிரியார்கள் என்று ஒரு சிறு நகரமே கூடாரங்களுக்குள் வந்து சேர்ந்தது. சில மாதங்கள்தான் என்று சொல்லி அழைத்துவந்தார்கள். பலருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. 1949 அக்டோபரில் முகாமைப் பார்க்க வந்த கிரினோ, சுற்றியிருந்த முள்வேலியை அகற்றச் சொன்னார். பிறகு ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டன. முகாமில் இருந்த பேராயர் ஜான், பின்னாளில் ரஷ்ய மரபுத் திருச்சபையின் புனிதரானவர், ஒவ்வோர் இரவும் முகாமைச் சுற்றி நடந்து நான்கு திசைக்கும் ஆசி வழங்கியதால்தான் புயல்கள் விலகிப் போயின என்பது அகதிகளிடமும் ஊராரிடமும் வழங்கும் கதை. முகாம் ஏறக்குறையக் காலியான பிறகு 1951 டிசம்பரில் புயல் வந்து கூடாரங்களைப் பிய்த்துப் போட்டது. கதை நிலைத்துவிட இதற்கு மேல் என்ன வேண்டும்?

2013 நவம்பர் 8

உள்ளூரில் யோலாண்டா என்று அழைக்கப்படும் ஹையான், அன்று விடியற்காலை 4.40 மணிக்குக் கிவானில்தான் முதலில் கரையைத் தொட்டது. அமெரிக்கக் கணிப்பு மையம் காற்றின் வேகம் மணிக்கு 315 கிலோமீட்டர் என்றது. பிலிப்பைன்ஸ் வானிலைத் துறை 235 என்றது. ஒன்று ஒரு நிமிடச் சராசரி, மற்றது பத்து நிமிடச் சராசரி என்பதும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். எந்த எண்ணை எடுத்தாலும், தரை தொட்ட புயல்களில் மிகக் கடுமையானவற்றுள் இது ஒன்று. ஜப்பானிய உதவியில் அந்த ஆண்டுதான் செயல்படத் தொடங்கியிருந்த, புயலைக் கண்காணிக்கும் டாப்ளர் ரேடார், கிவான் குன்றின் மேல் நின்றிருந்தது. அதையும் காற்று சிதைத்துப் போட்டது. 1700-களிலிருந்து நின்ற அமலோற்பவ அன்னை ஆலயத்தின் கூரை பறந்தது. இயேசு சபையினர் கட்டத் தொடங்கிய அந்த ஆலயத்தின் உட்சுவர்களில் கிளிஞ்சல்களைப் பூ வடிவங்களாகப் பதித்திருப்பார்கள். நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்ட கட்டடம் அது. அதை மீட்டுக் கட்டப் பல ஆண்டுகள் பிடித்தன.

இப்போது ஒரு கேள்வி. புயலின் முழு வேகத்தையும் முதலில் வாங்கியது கிவான். அங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். சுமார் 80 கிலோமீட்டர் மேற்கே, இரண்டு மணி நேரம் கழித்து அடிவாங்கிய டாக்லோபனில் மட்டும் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடு முழுவதும் 6,300 பேர். ஏன் இந்த வித்தியாசம்?

கடலின் ஆழம் முதல் காரணம். சமாரின் கிழக்கே கரையை விட்டுச் சற்றுத் தள்ளினாலே பிலிப்பைன் அகழி தொடங்குகிறது. 1944-இல் அங்கே மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றை 2022-இல் 6,800 மீட்டருக்கும் கீழேதான் கண்டுபிடித்தார்கள். இத்தனை ஆழமான கடலில் காற்று தள்ளும் நீர் அடியில் திரும்பிப் போக இடம் இருக்கிறது, மேலே குவிவதில்லை. டாக்லோபனோ, லெய்ட்டே வளைகுடாவின் உள்மூலையில், ஆழமற்ற, குறுகிய சான் பெத்ரோ விரிகுடாவின் கரையில் இருக்கிறது. புயலின் மையம் நகரத்துக்குத் தெற்கே கடந்தபோது காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்து நீரை வெளியே தள்ளியது. மையம் தாண்டியதும் திசை மாறிக் கிழக்கிலும் தென்கிழக்கிலுமிருந்து வளைகுடா நீர் முழுவதையும் அந்த மூலைக்குள் அடைத்தது. போவதற்கு வழியில்லாத நீர் தெருக்களில் ஏறியது. ஆக, கிவானில் கொன்றது பெரும்பாலும் காற்றும் இடிபாடும். டாக்லோபனில் கொன்றது தண்ணீர்.

ஆழமான கடல் எப்போதும் காக்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. கிவானுக்கு வடக்கே அதே பசிபிக் கரையில் ஹெர்னானி என்ற ஊர் இருக்கிறது. அங்கே புயல் நேரத்தில் சுனாமி போன்ற ஒரு நீர்ச்சுவர் வந்து வீடுகளை வாரிக்கொண்டு போனது படமாகப் பதிவாகியிருக்கிறது. கரையோரப் பவளத்திட்டு சாதாரண நாளில் அலையை உடைத்து ஊரைக் காக்கும். அன்று வந்த பேரலைகள் கூட்டம் கூட்டமாகத் திட்டின் மேல் உடைந்தபோது, அந்த ஆற்றல் நீண்ட அலைகளாக ஒன்றுதிரண்டு பாய்ந்தது என்பது பின்னர் வந்த ஆய்வுகளின் விளக்கம். எனக்கு இதைவிட உறுத்தும் செய்தி வேறொன்று. 1897 அக்டோபரில் சமாரையும் லெய்ட்டேயையும் தாக்கிய புயலைப் பற்றி மணிலா வானாய்வகத்தின் இயேசு சபைத் துறவி ஹோசே அல்கே விரிவாகவே பதிவு செய்திருக்கிறார். அதில் ஹெர்னானியைக் கடல் வாரிச் சென்றதும் இருக்கிறது. அதாவது, 2013-க்கு நூற்றுப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் இருந்த தகவல். அதே இடத்தில் மறுபடி ஊர் வளர்ந்திருந்தது.

புயலுக்குப் பின் கிவானைக் காப்பாற்றியது 1945-இன் ஓடுபாதை. சாலைகள் அடைபட்டிருந்தன, அமெரிக்கப் போர் விமானதளத்தின் பழைய பாதை மட்டும் தாங்கியது. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்களும், பெரிய சரக்கு விமானங்களும் அங்கே வந்து இறங்கின. சில வாரங்களில் அந்தக் கூட்டமும் கிளம்பிப் போனது.

மிஞ்சியது தென்னைப் பிரச்சினை. சமாரும் லெய்ட்டேயும் அடங்கிய கிழக்கு விசாயாஸ் வட்டாரத்தில் 3 கோடிக்கு மேற்பட்ட தென்னைகள் விழுந்தன அல்லது சேதமாயின என்று கணக்கிட்டார்கள். விழுந்த மரம் அழுகினால் காண்டாமிருக வண்டு பெருகி, நின்ற மரத்தையும் தின்னும். எனவே இழப்பை எண்ணி உட்கார நேரமில்லை. விசைவாளால் அறுத்துப் பலகையாக்க வேண்டும். புதிய கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள். அதுவரை மரவள்ளி, சர்க்கரைவள்ளி, காய்கறி, அப்புறம் கடல். நன்கொடை அமைப்புகளுக்குப் படகு கொடுப்பது பிடித்த வேலையாக இருந்தது. புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் முன்பு விவசாயியாக இருந்தவரும் மீனவரானால், ஏற்கெனவே மெலிந்துகொண்டிருந்த கரையோர மீன்வளம் எங்கே போகும் என்ற எச்சரிக்கை அப்போதே எழுந்தது. கரையிலிருந்து 40 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. வலையும் படகும் வைத்திருப்பவர் மலையடிவாரத்தில் போய்க் குடியிருந்து என்ன செய்வார்? பலர் மீள்குடியேற்ற வீட்டையும் வைத்துக்கொண்டு, கரையில் பழைய இடத்திலும் கொட்டகை போட்டுக்கொண்டார்கள்.

கடல் கணக்கில் வராது

1991-இன் உள்ளாட்சிச் சட்டம் பிலிப்பைன்ஸ் நகராட்சிகளுக்கு நிறையப் பொறுப்பைக் கொடுத்தது. கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையிலான கடல் நகராட்சிக்கு உரியது. அங்கே யார் மீன் பிடிக்கலாம் என்று முடிவு செய்வதும், வெடி வைப்பவரையும் பெரிய இழுவலைக் கப்பலையும் விரட்டுவதும் நகராட்சியின் வேலை. இதற்கு மேல், 1994-இல் கிவானைச் சுற்றிய நிலமும் கடலுமாக 60,000 ஹெக்டேர் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. பவளத்திட்டும் கண்டல் காடும், சிப்பி சேகரிப்பவர்கள் உலகெங்கும் தேடும் பொன்னிறச் சோழியும் இருக்கும் கடல் இது.

பணம் எங்கிருந்து வருகிறது? தேசிய வரியில் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகிறது. அதில் 34 சதவீதம் நகராட்சிகளுக்கு. ஒவ்வொரு நகராட்சியின் பங்கையும் மக்கள் தொகைக்குப் பாதி, நிலப்பரப்புக்குக் கால், எல்லோருக்கும் சமமாகக் கால் என்று பிரிக்கிறார்கள். சூத்திரத்தில் நிலப்பரப்பு இருக்கிறது, கடல்பரப்பு இல்லை. மலைநாட்டு நகராட்சியின் ஒவ்வொரு ஹெக்டேருக்கும் காசு உண்டு. கிவான் ரோந்து போக வேண்டிய கடலுக்குக் காசு இல்லை. மருத்துவரை அனுப்ப, பள்ளிக்குத் தளவாடம் அனுப்ப, புயல் வருமுன் தீவு மக்களைக் கரைக்குக் கொண்டுவர எல்லாவற்றுக்கும் டீசல் போட்டுப் படகு ஓட்ட வேண்டும். இந்தக் கூடுதல் செலவும் சூத்திரத்துக்குத் தெரியாது. பேரிடர் நிதியாக வருவாயில் குறைந்தது 5 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று 2010 சட்டம் சொல்கிறது. வருவாய் சிறியதானால் அந்த ஐந்தும் சிறியதுதான். பசிபிக் புயல்களை முதலில் வாங்கும் ஊருக்கும், புயல் எட்டிப் பார்க்காத ஊருக்கும் ஒரே சதவீதம்.

வரியில் உள்ளாட்சிகளுக்கு முறையாகச் சேர வேண்டியதைக் குறைத்துக் கொடுத்துவந்தார்கள் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 முதல் பங்கு கூடியது. ஆனால் பிரிக்கும் சூத்திரத்தை யாரும் தொடவில்லை. போதாக்குறைக்கு, ஒரு மீன்பிடி நிறுவனம் தொடுத்த வழக்கில் 15 கிலோமீட்டர் உரிமையையே தளர்த்தும் தீர்ப்பை உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று 2024-இல் உறுதி செய்தது. சிறு மீனவர் அமைப்புகள் கொதித்தெழுந்தன.

பணமில்லாத நகராட்சியிடம் சுரங்கம் பேச வருகிறது. மனிகனியில் நிக்கல், ஹோமொன்ஹோனில் நிக்கலும் குரோமைட்டும். மெகல்லன் இறங்கிய அதே ஹோமொன்ஹோன்தான். 2021-இல் ஐந்நூறாம் ஆண்டு நினைவுத்தூண்கள் திறந்தார்கள். ஸ்பெயின் கடற்படையின் பாய்மரப் பயிற்சிக் கப்பலும் வந்துபோனது. நினைவுத்தூண் ஒரு பக்கம், மேல்மண் சுரண்டிய செம்மண் குன்று மறுபக்கம். மழை ஓயாத ஊரில் அந்தச் செம்மண் போய்ச் சேரும் இடம் பவளத்திட்டு. திருச்சபையும் ஊர்க்குழுக்களும் பல ஆண்டுகளாக எதிர்க்கின்றன. எதிர்ப்பவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சுரங்கத்தில் வேலை. எனவே இந்தச் சண்டை மணிலாவோடு மட்டும் அல்ல, தெருவுக்குள்ளும் நடக்கிறது.

சுரங்கம் ஊருக்கு என்ன தருகிறது என்பதைச் சட்டத்தை வைத்தே கணக்குப் போடலாம். 2018 முதல் கனிமத்தின் மீதான கலால் வரி 4 சதவீதம். நூறு பெசோவுக்குத் தாது விற்றால் அரசுக்குக் கலாலாக 4 பெசோ. அதில் 40 சதவீதம், அதாவது 1 பெசோ 60 செண்டாவோ, உள்ளாட்சிகளுக்கு. மாகாணத்துக்கு 32 செண்டாவோ, பாரங்கைக்கு 56, நகராட்சிக்கு 72. தொழில் உரிமக் கட்டணம், கூலி, நிறுவனத்தின் சமூக நலச் செலவு எல்லாம் தனி. சுரங்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரம் தேசிய அரசிடம் இருக்கிறது. உள்ளாட்சி மன்றத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும், ஒப்புதல் பெற வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஒரு மன்றம் கொடுத்த ஒப்புதலை மூன்று ஆண்டு கழித்து வரும் அடுத்த மன்றம் திரும்பப் பெறுவது எளிதல்ல. பெயர்த்தெடுத்த குன்றின் செம்மண் கடலில் கலந்தால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதும், 15 கிலோமீட்டர் கடலுக்குப் பொறுப்பான அதே நகராட்சிதான். அதற்கும் அந்த 72 செண்டாவோவிலிருந்துதான் டீசல் போட வேண்டும்.